வடித்தவள் எங்கே?

சங்க இலக்கியத்தில் சமையற்குறிப்பாகவே வாசிக்கத்தக்க இடங்கள் சில உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் பகுதி அவற்றில் ஒன்று. குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவ வேண்டும். வாயகன்ற தட்டில் கொட்டி ஆறவிட வேண்டும். புற்றுக்குள் இருக்கும் புற்றாஞ்சோற்றைப் போலத் தோன்றும் முளையை இடித்து அதில் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வேண்டும். உறுதியான வாயுடைய சாடியில் முற்றி விளைந்த பிறகு, வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்துப் பிழிந்து வடிக்க வேண்டும். சுட்ட மீனோடு அது பாணனுக்குக் கிடைக்கும்.

தமிழாசிரியர்களாகிய நாங்கள் இதைக் ‘கள்’ என்று ஒரே சொல்லில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். கள் என்றதும் மாணவருக்குப் பனையும் தென்னையும்தான் நினைவுக்கு வரும். இது மரத்திலிருந்து இறக்கியதல்ல. தானியத்தை வேகவைத்து, முளைகட்டிய தானியத்தால் அதன் மாவுச்சத்தை இனிப்பாக்கி, புளிக்கவைத்து எடுத்தது. இன்றைய பெயரில் சொன்னால் இது பீர்.

அந்தக் குறிப்பில் அரிசி இருக்கிறது, முளை இருக்கிறது, சாடி இருக்கிறது, நாள் கணக்கும் இருக்கிறது. செய்தவர் யார் என்பது மட்டும் இல்லை. பிழிந்த விரல் இருக்கிறது, விரலுக்கு உரியவர் இல்லை. அதே பாட்டில் பட்டினத்தைச் சொல்லும் இடத்துக்கு வந்தால் விடை கிடைக்கிறது. அங்கே கள் அடும் பெண்கள் வட்டில் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகிக் கிடக்கிறது. அந்தச் சேற்றில் பன்றிக் குட்டிகள் புரள்கின்றன. புலவர் சொல்ல வந்தது பன்றியை. போகிற போக்கில் பெண்களைச் சொல்லிவிடுகிறார். பெண்களின் உழைப்பு வரலாற்றில் பெரும்பாலும் இப்படித்தான் அகப்படுகிறது, வேறொன்றைச் சொல்லும்போது சிந்திய நீராக.

நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை இன்னும் நேராகச் சொல்கிறது. எயிற்பட்டினத்தில் நுளையர் குலப் பெண் அரித்துக் கொடுத்த பழைய தேறலைப் பரதவர் விருந்தினருக்கு ஊட்டுகிறார்கள். கொடுப்பவர் ஆண், வடித்தவள் பெண். இந்த எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அந்த ஊருக்குக் கடைசியில் திரும்ப வருவோம்.

வடித்தவள் சுவைத்தாளா? சுவைத்தாள். பட்டினப்பாலையில் இரவு நேரத்துப் பெண்கள் பட்டை நீக்கித் துகில் உடுத்துகிறார்கள், மட்டை நீக்கி மதுவை மகிழ்கிறார்கள். மட்டும் மதுவும் நமக்கு இன்று ஒரே பொருள் தரும் இரண்டு சொற்கள். அந்தப் பெண்களுக்கு அவை இரண்டு பானங்கள். எது எந்த வேளைக்கு ஏற்றது என்று அவர்களின் நாக்குக்குத் தெரிந்திருந்தது. தேறல், தோப்பி, நறவு, பிழி, அரியல், மட்டு என்று இத்தனை சொற்களை ஒரு மொழி சும்மா வைத்துக்கொள்ளாது. மூங்கில் குழாய்க்குள் ஊற்றி விளையவைத்த தேறல் உண்டு, மண்ணில் புதைத்து முதிரவைத்ததும் உண்டு. நாட்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டியதோடு ஒப்பிடும் புறநானூற்றுப் பாட்டு ஒன்று இருக்கிறது. எழுதியவர் ஔவையார். குடித்துப் பார்க்காமல் எழுதக்கூடிய உவமை இல்லை அது. அதியமான் இறந்தபோது அவர் பாடிய கையறுநிலையும் கள்ளில்தான் தொடங்குகிறது. கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் உடன் உண்டு மகிழ்வான் என்று. ஒரு பெண், ஒரு மன்னன், ஒரே கலம். அதைச் சொல்ல அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

*

எங்கள் பக்கத்து ஆரணி பட்டுக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி இல்லை. ஆந்திரத்தில் பிறந்து, ஊத்துக்கோட்டை வழியாக வந்து, பழவேற்காட்டை நோக்கிப் போகும் ஆரணியாற்றின் கரையிலுள்ள பேரூர். ஒரு பக்கம் பெரியபாளையத்து பவானி அம்மன், இன்னொரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துக்கு நிற்கும் பெண்களும், ஆடி மாதம் வேப்பிலையோடு நடந்து போகும் பெண்களும் ஒரே சாலையில்தான் எதிர்ப்படுகிறார்கள்.

ஆடியில் இந்தப் பகுதி முழுவதும் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைப்பார்கள். மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, இன்னொரு இரவு பானையில் விடுவார்கள். எவ்வளவு புளித்தால் போதும், எந்த வாசனை வந்தால் கெட்டுவிட்டது என்பதை எந்தக் கருவியும் சொல்வதில்லை. மூக்கும் விரலும்தான் சொல்லும். குழந்தைக்குக் கொடுக்க முளைகட்டிய கேழ்வரகு மாவு என்றால் இன்னும் நுட்பம். ஊறவைத்து, துணியில் கட்டி, முளை விட்டதும் நிழலில் உலர்த்தி, வறுத்து அரைக்க வேண்டும். முளைவிடும் தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் சுரக்கின்றன. அதனால்தான் அந்தக் கஞ்சி நீர்த்து, சர்க்கரை போடாமலே இனிக்கிறது. பீர் ஆலைக்காரர்கள் இதே வேலைக்கு ‘மால்ட்டிங்’ என்று பெயர் வைத்து அதற்குத் தனி ஆலையே வைத்திருக்கிறார்கள்.

பெரும்பாணாற்றுப்படைப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, “மேடம், இது எங்க ஆயா கேவுரு முளைகட்டற மாதிரியே இருக்கு” என்றாள். உரையாசிரியர்கள் சொல்லும் ‘முளை’ என்ற பொருள் அன்றைக்குத்தான் வகுப்பில் பலருக்கும் விளங்கியது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு தொழில்நுட்பத்தின் பாதி இந்த ஊர்ப் பெண்களின் கையில் இன்னும் இருக்கிறது. குழந்தைக் கஞ்சியாக, சாமிக் கூழாக அனுமதிக்கப்பட்ட பாதி அது.

*

மீதிப் பாதி எங்கே போனது என்று கேட்கவைத்தது ஒரு கறுப்பு பீர்.

தமிழ்நாட்டில் உணவகத்தோடு சேர்ந்த சிறு பீர் ஆலைகளுக்கு இடம் கிடையாது. அவற்றைப் பார்க்க பெங்களூருக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டும். புதுச்சேரியில் அப்படி ஓர் இடத்தில், ஒரு மரப்பலகையில் வரிசையாக வைத்துச் சின்னக் கோப்பைகளில் தந்தார்கள். பரிமாறியவர் வெளிறிய கோதுமை பீரை என் முன்னாலும், கறுப்புக் கோப்பைகளை உடன் வந்த ஆண் நண்பர் முன்னாலும் வைத்தார். யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. கறுப்பு என்றால் காட்டம், காட்டம் என்றால் ஆண் என்று ஒரு கணக்கு.

அந்தக் கணக்கே தவறு. பீரின் கறுப்பு அதன் போதையின் அளவைக் காட்டுவதில்லை. மால்ட்டை இருநூறு பாகைக்கு மேல் வறுத்தால் அது காப்பிக்கொட்டைபோல் கறுக்கும். அதில் ஒரு கைப்பிடி போதும், மொத்தப் பானையும் கறுத்துவிடும். எரிந்துபோகாமல் இப்படிக் கறுக்க வறுக்கும் சுழல் உருளைக்கு 1817-ல் இங்கிலாந்தில் டேனியல் வீலர் என்பவர் காப்புரிமை பெற்றார். ஸ்டவுட், போர்ட்டர் என்று நாம் கேள்விப்படும் கறுப்பு வகைகளின் இன்றைய நிறமும் சுவையும் பெரிதும் அதிலிருந்து வருகின்றன.

கோப்பைகளை நாங்கள் மாற்றிக்கொண்டோம். முதலாவதில் காப்பிக் கசப்பு, அதன் அடியில் லேசான புளிப்பு. இரண்டாவதில் பாலிலிருந்து எடுக்கும் சர்க்கரையைச் சேர்த்திருந்தார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்பதில்லை, அதனால் இனிப்பு அப்படியே தங்கிவிடும். நாக்கில் கூழ்போலக் கனத்தது. மூன்றாவது கருப்பட்டி போட்டது. குடித்து முடித்த பிறகு தொண்டையில் ஒரு கமறல், அதன்பின் பனை ஓலை எரிந்த மாதிரி ஒரு மணம். ஆங்கிலத்தில் அச்சடித்த சுவைக் குறிப்பு சாக்லேட், டார்க் டாஃபி என்று எதையெதையோ சொன்னது. எனக்குத் தோன்றியவை வேறு. அடிப்பிடித்த கேழ்வரகுக் களியின் கருகல், வறுத்த உளுந்து, நாவல்பழத் துவர்ப்பு. துவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, கமறல், காறல் என்று நம்மிடம் சொற்கள் நிறையவே இருக்கின்றன. பயன்படுத்த வேண்டிய இடத்தில் அவற்றைச் சொல்லும் உரிமைதான் பெண்ணிடமிருந்து பறிபோயிருக்கிறது.

*

எப்படிப் பறிபோனது என்பதை இங்கிலாந்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது, காரணம் அங்கே வரிக்கணக்குகளும் ஊர்மன்றப் பதிவுகளும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை ஆராய்ந்து வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் 1996-ல் எழுதிய நூல் இது குறித்து முதன்மையானது. 1300 வாக்கில் ஏல் எனும் பானத்தை வடித்து விற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டுக்கு வடித்தது போக மிஞ்சியதை விற்றார்கள். ‘ப்ரூஸ்டர்’ என்ற சொல்லே வடிக்கும் பெண்ணைக் குறித்தது. ஏல் சில நாளில் கெட்டுவிடும், அதனால் சிறிய அளவில்தான் செய்ய முடியும். பிறகு ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைச் சேர்த்த பீர் வந்தது. அது நாட்பட்டும் கெடாது, தொலைவுக்கு அனுப்பலாம். பெரிய கொப்பரை, பெரிய முதலீடு, கடன், உரிமம், தொழிற்சங்கம் என்று தேவைகள் வளர்ந்தன. கணவன் பெயரில்லாமல் கடன்கூட வாங்க முடியாத பெண்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். 1600-க்குள் அது ஆண்களின் தொழிலாகிவிட்டது. யாரும் பெண்களை ஒரே நாளில் விரட்டவில்லை. தொழில் லாபமாக மாறியது, லாபம் ஆண்களிடம் போனது.

அந்தப் பெரிய தொழிலின் முதல் பெரிய சரக்கு கறுப்பு பீர்தான். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் ஆலைகள் வீடளவு உயரத் தொட்டிகள் கட்டின. கம்பெனிப் படைகளுக்காக அது கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. 1814 அக்டோபர் 17 அன்று லண்டனில் மியூக்ஸ் ஆலையின் போர்ட்டர் தொட்டி ஒன்று உடைந்தது. பக்கத்திலிருந்த ஏழைக் குடியிருப்புக்குள் கறுப்பு வெள்ளம் பாய்ந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள், எட்டுப் பேரும் பெண்களும் குழந்தைகளும். ஆலை இழப்பீடு எதுவும் தரவில்லை. மாறாக, கொட்டிப்போன பீருக்குக் கட்டிய வரியை ஆலை முதலாளிகள் நாடாளுமன்றத்தின் வழியே திரும்பப் பெற்றார்கள். வடித்தவள் ஆலைக்கு வெளியே போனபின் அவளுக்கு மிஞ்சிய இடம் தொட்டி உடையும் பக்கம்தான்.

தமிழகத்தில் நடந்ததற்கு இவ்வளவு ஒழுங்கான பதிவுகள் கிடையாது. ஆனால் திசை அதுவே. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் வள்ளுவர் குடிப்பவனைப் பெற்றவளின் முகத்தை முன்னிறுத்துகிறார். அவளுக்கே பிடிக்காதது சான்றோருக்கு எப்படிப் பிடிக்கும் என்பது வாதம். சங்கப் பாட்டில் சாடியின் அருகில் நின்றவள் இங்கே வாசலில் நின்று முகம் சுளிப்பவளாகிவிட்டாள். அதன்பின் நெடுங்காலத்துக்கு நம் அற நூல்கள் அவளை அந்த வாசலிலேயே நிறுத்தி வைத்தன. 1886-ல் வந்த சென்னை அப்காரிச் சட்டம் உரிமமில்லாமல் எந்தப் போதைப் பானத்தையும் செய்வதைக் குற்றமாக்கியது. கடைகள் ஏலத்துக்கு வந்தன. ஏலம் எடுக்கப் பணமும் ஆள்பலமும் வேண்டும். நிலவரிக்கு அடுத்தபடியாக மாகாணத்தின் பெரிய வருவாய்களில் ஒன்றாகக் கலால் வளர்ந்தது. வீட்டுச் சாடி திருட்டுச் சாடியானது.

*

இதற்குப் பிறகு பெண் மதுவின் வரலாற்றுக்குள் நுழைவது மறியல்காரியாக. 1921-ல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையும் கண்ணம்மாளும் முன்னின்றார்கள். மறியலை நிறுத்துவது ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்ற பொருளில் காந்தி சொன்னதை இன்றும் நினைவுகூர்கிறோம். ஆரணியாறு வரும் வழியே வடக்கே போனால் நெல்லூர். 1992-ல் அந்த மாவட்டத்துத் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாநிலமெங்கும் பரவி, 1993-ல் சாராயத்துக்கும் 1995-ல் முழு மதுவுக்கும் ஆந்திரத்தில் தடை வந்தது. இரண்டே ஆண்டில் முழுத்தடையை அரசு தளர்த்தியது. இங்கே 1983-ல் தொடங்கிய டாஸ்மாக் 2003-ல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. இன்று அதன் வழியே அரசுக்கு வரும் ஆண்டு வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். அந்தத் தொகையில் சிப்காட் ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்ணின் சம்பளமும் இருக்கிறது, அவள் வீட்டில் அடகுபோன குண்டுமணித் தங்கமும் இருக்கிறது.

இந்தப் போராட்டங்களைச் சிறுமைப்படுத்தும் எந்தப் பெண்ணியமும் எனக்கு ஏற்புடையதில்லை. குடித்துவிட்டு வந்து அடிப்பவனோடு வாழ்கிற பெண்ணிடம் போய் கறுப்பு பீரின் நாவல்பழத் துவர்ப்பைப் பேசினால் அவள் என்னைச் சிரித்துத்தான் அனுப்புவாள். ஆனால் அவளுக்கு வரலாறு விட்டுவைத்தவை இரண்டே இடங்கள். ஒன்று அடிபடுபவள், இன்னொன்று கடையை மூடச் சொல்பவள். மூன்றாவதாக ஒருத்தி குடித்தால் அவள் கெட்டவள். 2009 ஜனவரியில் மங்களூரில் ஒரு பப்புக்குள் புகுந்து பெண்களை இழுத்துப்போட்டு அடித்தவர்கள் பண்பாட்டின் பெயரால்தான் அடித்தார்கள். பெண் குடிக்க ஒரே விலக்கு தாய்மை. பால் சுரக்கும் என்று இங்கிலாந்தில் பிள்ளை பெற்றவளுக்கு ஸ்டவுட் கொடுத்தார்கள். நம் வீடுகளில் பிள்ளை பெற்ற உடம்புக்குக் கொஞ்சம் பிராந்தி கொடுக்கவில்லையா? அவள் நாக்குக்காக என்றால் குற்றம், குழந்தைக்காக என்றால் மருந்து.

இந்த முரண் சட்டமாகவே எழுதப்பட்ட இடம் இலங்கை. நுவரெலியாவின் குளிரில் 1881-ல் தொடங்கிய சிறு ஆலையிலிருந்து வளர்ந்தது லயன் நிறுவனம். அதன் ஸ்டவுட் எட்டு விழுக்காட்டுக்கும் மேல் ஆல்கஹால் கொண்ட, கரிய, கருப்பட்டி மணக்கும் பானம். மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய பீர் எழுத்தாளர் அதைப் பாராட்டி எழுதி உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஆலை பின்னர் கொழும்புக்கு அருகிலுள்ள பியகமவுக்கு மாறியது. அது பிறந்த மலையைச் சுற்றித் தேயிலை பறிப்பவர்கள் மலையகத் தமிழ்ப் பெண்கள், ஆயிரம் ரூபாய் நாட்கூலிக்காக ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள். 1979-இன் கலால் அறிவிப்பு ஒன்றின்படி, இலங்கையில் பெண்ணுக்கு மது விற்பதே குற்றமாக இருந்தது. மது விற்கும் இடத்தில் அவள் வேலை செய்யவும் அதிகாரியின் ஒப்புதல் வேண்டியிருந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர இந்தத் தடையை நீக்கினார். சில நாட்களுக்குள் குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை ரத்துசெய்ய உத்தரவிட்டார். பெண்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். இத்தனை ஆண்டுத் தடையில் தோட்டத்து லயங்களில் ஆண்களின் குடி நின்றுவிடவில்லை. சட்டம் தடுத்தது குடியை அல்ல, கடையில் நின்று விலை கேட்கும் பெண்ணை.

*

இப்போது மரக்காணத்துக்குத் திரும்பலாம். நுளைமகள் தேறல் அரித்ததாகச் சொல்லப்படும் அந்தக் கடற்கரையில், எக்கியார்குப்பம் என்ற மீனவர் குடியிருப்பில், 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது சாடியில் விளைந்தது இல்லை. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான வேதிப்பொருள், கள்ளத்தனமாகக் கைமாறி வந்தது. ஓராண்டு கழித்து, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் பெண்களும் உண்டு.

அரிசிக் களியும் முளையும் சேர்ந்து புளித்த பானம் ஒரு குப்பத்தையே இப்படிக் கொல்லாது. அதை வடித்தவள் வாசனையிலேயே கெட்டதைக் கண்டுபிடிப்பாள், தன் வீட்டாரும் அதே சாடியிலிருந்துதான் குடிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவளை நான் புனிதமாக்கவில்லை. அவள் காலத்திலும் குடித்துக் கெட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் செய்பவளும் சுவைப்பவளும் பொறுப்பேற்பவளும் ஒருத்தியாக இருந்த ஒரு தொழிலில் அவள் மூன்றிலிருந்தும் நீக்கப்பட்டாள். லாபம் அரசுக்கும் முதலாளிக்கும் போனது, போதை ஆணுக்குப் போனது, சாவும் கடனும் அவள் வீட்டுக்கு வந்தன. மதுக்கடையை மூடு என்கிற குரலும், நான் குடித்தால் உனக்கென்ன என்கிற குரலும் ஒன்றையொன்று எதிரியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை இந்தக் கணக்கை யாரும் கேட்கப் போவதில்லை. இரண்டு குரலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைச் செய்வது யார், இதில் சம்பாதிப்பது யார், இதற்கு விலை கொடுப்பது யார்?

பெங்களூரில் கேழ்வரகு போட்டுச் செய்த பீரைப் புதுமை என்று விற்கிறார்கள். கேழ்வரகை முளைகட்டவும் புளிக்கவைக்கவும் தெரிந்த பெண்கள் ஆரணியாற்றங்கரை ஊர்களில் எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம் எத்தனை நாள், என்ன சூடு, எந்த வாசனை, எந்தப் பானை என்று கேட்டு, ஊரும் பெயரும் போட்டு எழுதிவைப்பது தமிழ்த்துறைகளின் வேலை. என் மாணவிகள் சிலர் தங்கள் ஆயாக்களிடமிருந்து தொடங்கியிருக்கிறார்கள். முதல் ஏட்டில் பதினோரு பெயர்கள் இருக்கின்றன.